கித்தா நிரைகளுக்குள் ஒளிந்திருக்கும் தடங்கள்: புக்கிட் கியாராவில் புதுப் பாதை தேடுவோருக்கு

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவுக்கு வாரம் தவறாமல் சைக்கிள் கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது அதே மூன்று நான்கு சுற்றுகளைத்தான். டிடிடிஐ (தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்) குடியிருப்புப் பக்கம் காரை நிறுத்துவார்கள், தார்ச்சாலையில் ஏறுவார்கள், பழகிய இடத்தில் காட்டுக்குள் நுழைவார்கள், பழகிய இடத்தில் வெளியே வருவார்கள். "கியாராவில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை" என்ற பேச்சும் அவர்களிடமிருந்துதான் வரும். ஒரு சதுர மைல் கூடத் தேறாத காட்டுத் துண்டைப் பற்றி அப்படிச் சொல்வது எளிது. ஆனால் அந்தத் துண்டு உண்மையில் காடே இல்லை, பழைய கித்தா, அதாவது ரப்பர், தோட்டம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் கண்ணில் படுவதே வேறு.

1970களில் அரசு கையகப்படுத்தும்வரை இது பால் வெட்டு நடந்த எஸ்டேட். இங்கே வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பிறகு அடிவாரத்து நீள்வீடுகளுக்கு மாறின. மரங்களை யாரும் மொத்தமாக வெட்டி எடுக்கவில்லை. வெட்டு நின்றுபோன கித்தா மரங்களுக்கு நடுவே மற்ற மரங்கள் முளைத்து, கொடி படர்ந்து, இன்று தூரத்திலிருந்து பார்த்தால் காடாகத் தெரிகிறது. ஆனால் தரை இன்னும் தோட்டத்துத் தரைதான். தோட்டம் என்றால் கோடுகள்: நிரைகள், படிக்கட்டு மேடைகள், வாய்க்கால்கள், எல்லை வேலி, லாரி போன செம்மண் சாலை. நல்ல சைக்கிள் தடம் இந்தக் கோடுகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கும். கெட்ட தடமும் இன்னொன்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பாராங் கத்தி தூக்க வேண்டிய தேவையே இல்லை.

முதலில் நிரையைப் பாருங்கள். சமதரையில் கித்தாவை நேர்க்கோட்டில் நட்டிருப்பார்கள். சரிவில் அப்படி நட முடியாது. மலையின் சம உயரக் கோட்டைப் பிடித்து மேடை வெட்டி, அந்த மேடை நெடுக மரம் வைத்திருப்பார்கள். இரண்டு பழைய மரங்களைக் கண்டுபிடித்து மூன்றாவதைத் தேடுங்கள். மூன்றும் ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நின்றால் நீங்கள் ஒரு மேடையின் மேல் நிற்கிறீர்கள். மரம் கித்தாதானா என்ற சந்தேகம் வந்தால் பட்டையைப் பாருங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே, இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கும் வெட்டுத் தழும்பு முடிச்சு முடிச்சாக வீங்கி இருக்கும். சில மரங்களில் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) தாங்கிய கம்பி பட்டைக்குள் பாதி புதைந்து துருத்திக்கொண்டிருக்கும். ஒரு நிரையில் வெட்டுப் பக்கம் பெரும்பாலும் ஒரே திசையைப் பார்த்திருக்கும். பால் வெட்டுகிறவர் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்தபோது கண்ணெதிரே வெட்டு வரவேண்டும் என்பதுதான் காரணம். ஆகவே தழும்புகளைப் பார்த்துக்கொண்டே போனால், விடிகாலையில் அவர்கள் நடந்த அதே வழியில் போவீர்கள்.

அந்த வழி ஏன் சைக்கிளுக்குப் பொருந்துகிறது என்றால், அது மலையை நேராக ஏறுவதில்லை. சரிவை அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் போகிறது. மலைச் சைக்கிள் தடம் போடுகிறவர்கள் உலகெங்கும் பணம் கொடுத்து வெட்டுவது இதைத்தான்.

ஆனால் கித்தா மேடைக்கு ஒரு குணம் உண்டு. அதைச் சரிவின் வெளிப்பக்கமாகச் சாய்த்து வெட்ட மாட்டார்கள், மலைப்பக்கமாக உள்ளே சாய்த்து வெட்டுவார்கள். மழைத் தண்ணீரும் உரமும் மரத்தடியிலேயே நிற்க வேண்டும் என்பது தோட்டக்காரனின் கணக்கு. சைக்கிள் தடத்துக்கு வேண்டியது நேர் எதிர்: 3 முதல் 5 சதவீதம் வெளிப்பக்கம் சாய்ந்தால்தான் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து ஓடிப்போகும். அதனால் எந்தக் கித்தா மேடையிலும் உள்ளோரம் சேறாகவே இருக்கும். சேற்றைத் தவிர்க்க எல்லோரும் வெளியோரமாக ஒதுங்குவார்கள். வெளியோரம் வெட்டிப் போட்ட மண்ணால் ஆனது, இறுகாத மண், சக்கரம் ஏறினால் சரியும். மேடையில் போகும்போது நடு மூன்றில் ஒரு பங்கை விட்டு விலகாதீர்கள். தண்ணீர் தேங்கும் இடத்தில் தடத்தைப் பராமரிக்கிற தன்னார்வலர்கள் செய்வது, வெளியோரத்தை மூன்று மீட்டர் அகல அரைவட்டமாகச் சீவி இறக்கிவிடுவது. அப்படிச் சீவிய இடங்கள் தெரிந்தால் அந்த மேடையை யாரோ கவனித்து வருகிறார்கள் என்று பொருள். அது புதுத் தடமல்ல, உங்களுக்குத் தெரியாத தடம். நல்ல செய்திதான்.

மேடையில் இன்னொரு பொறி உண்டு. மண் அரிப்பைத் தடுக்கத் தோட்டங்களில் நிரைகளுக்கு இடையே நீள்சதுரக் குழிகள் வெட்டி வைப்பார்கள். சரிவில் ஓடிவரும் வண்டல் அதில் விழுந்து தங்கும். ஐம்பது வருட இலைச் சருகு இந்தக் குழிகளை நிரப்பி மூடியிருக்கும், ஆனால் இறுகியிருக்காது. மேலே பார்த்தால் தரை, முன்சக்கரம் ஏறினால் ஒரு முழம் உள்ளே. சைக்கிள் நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். அடையாளம்: சுற்றியுள்ள சருகு மேடும் பள்ளமுமாகக் கிடக்க, ஒரு துண்டு மட்டும் சம மட்டமாக, ஈரமாக, கறுத்திருக்கும். ஓரத்தில் பெரணி சற்று அடர்த்தியாக, நேர்க்கோட்டில் நிற்கும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அதே நிரையில் அடுத்தது எத்தனை அடியில் இருக்கும் என்பதும் பிடிபட்டுவிடும், அவற்றையும் கணக்குப்படிதான் வெட்டியிருப்பார்கள். தெரியாத மேடையில் முதலில் நடக்க வேண்டும், கையில் ஒரு கழி வேண்டும் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மற்ற கோடுகளுக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை. பழைய லாரிச் சாலை இரண்டரை மூன்று மீட்டர் அகலத்தில், மெதுவான ஏற்றத்தோடு, வளைவில் அகன்று போகும். ஏறுவதற்கு அதைவிட நல்லது கிடையாது, இறங்குவதற்குச் சப்பென்றிருக்கும். மேடைக்கும் மேடைக்கும் நடுவே செங்குத்தாக இறங்கும் குறுக்கு வழிகள், பால் வாளி சுமந்தவர்கள் படி வெட்டி இறங்கியவை. இப்போது படி போய், நடுவில் பள்ளம் விழுந்து, இரண்டு பக்கமும் வேர் தொங்கும். இவற்றில் இறங்குவது ஒரு நிமிட சுகம். தண்ணீரும் அதே வழியில்தான் இறங்குகிறது, சக்கரம் கிளறிய மண்ணை அடுத்த மழை அடித்துக்கொண்டு போகும். வாய்க்கால் ஆங்கில 'வி' எழுத்துப் போல நடுவில் கூர்ந்திருக்கும், அடியில் கூழாங்கல்லோ வெளுத்த மணலோ கிடக்கும், சருகு தங்காது. சருகில்லாத சுத்தமான பாதை என்று மயங்கி இதற்குள் போகிறவர்கள் உண்டு. சுத்தமாக இருப்பதே தண்ணீர் ஓடுவதால்தான்.

காட்டுப்பன்றி வழிதான் அதிகம் ஏமாற்றும். தரையில் பார்த்தால் அருமையான ஒற்றையடிப் பாதை. தலையை நிமிர்த்தினால் இடுப்பு உயரத்துக்கு மேல் கொடியும் கிளையும் அப்படியே மூடியிருக்கும். மனிதன் நடந்த வழியில் முகத்துக்கு நேரே கொடி அறுந்திருக்கும், பன்றி வழியில் முழங்காலுக்குக் கீழேதான் அறுந்திருக்கும். கொஞ்ச தூரத்தில் அது சேற்றுக் குட்டையிலோ கிளறிய தரையிலோ போய் முடியும். குட்டியோடு பன்றி இருந்தால் திரும்பி வருவதே உத்தமம்.

*வீட்டிலிருந்தே செய்யக்கூடியது*

வரைபடத்தில் தேடாமல் காலால் மட்டும் தேடுவது நேர விரயம், வரைபடத்தை மட்டும் நம்புவது ஆபத்து. ஓபன்ஸ்ட்ரீட்மேப் எனும் திறந்த வரைபடத் தரவை ஓஸ்ம்ஆண்ட் செயலியில் இறக்கி, இணையம் இல்லாமல் பயன்படுத்தும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தடங்களுக்கு 0 முதல் 6 வரை கடினத்தன்மை எண் இருக்கலாம். 2க்கு மேல் என்றால் பழகாதவர் இறங்கித் தள்ள வேண்டிவரும். அடுத்து ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப், பலர் போன வழிகளைப் பிரகாசமான கோடுகளாகக் காட்டும் வரைபடம். அதில் சைக்கிள், நடை-ஓட்டம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நடையில் பிரகாசமாகவும் சைக்கிளில் மங்கலாகவும் இருக்கும் கோடு பெரும்பாலும் நேர்ச்செங்குத்துக் குறுக்கு வழி. இரண்டிலும் மங்கலாக, ஆனால் சம உயரக் கோட்டை ஒட்டி வளைந்து வளைந்து போகும் கோடுதான் தேடவேண்டியது. ஹீட்மேப்பில் கோடு இல்லாததால் தடமே இல்லை என்று நினைக்கக்கூடாது. தங்கள் பதிவை மறைத்து வைத்திருப்பவர்களின் ஓட்டம் அதில் சேராது, காட்டுக்குள் நல்ல தடம் வைத்திருப்பவர்கள் மறைத்துத்தான் வைப்பார்கள்.

சம உயரக் கோடுகளை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். பல செயலிகளுக்கு உயரத் தரவு 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்ததிலிருந்து வருகிறது. முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் எண். அதுவும் அடர்ந்த காட்டில் ரேடார் தரையைத் தொடுவதில்லை, மரத்தலையை ஒட்டித் திரும்பிவிடுகிறது. இரண்டு மீட்டர் மேடையோ நான்கு மீட்டர் ஓடைப் பள்ளமோ அதில் வராது. மலையின் மொத்த உருவம் தெரியும், எந்தப் பக்கம் செங்குத்து எந்தப் பக்கம் சாய்வு என்று தெரியும், அவ்வளவுதான்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் வசதி உண்டு. மரத்தலை மூடுவதற்கு முன் எடுத்த படத்தில் செம்மண் சாலை வெளிறிய கோடாகத் தெரியும். அதை அப்படியே கோடு வரைந்து, ஜிபிஎஸ் கருவிகள் படிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பாக்கி கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு போனால், தரையில் புதர் மூடிய சாலையின் வாய் எங்கே என்று சுலபமாகப் பிடித்துவிடலாம்.

பதிவு செய்யும்போது கவனிக்க ஒன்று: ஜிபிஎஸ் கருவியில் நொடிக்கு ஒரு புள்ளி என்று அமைத்துக்கொள்ளுங்கள். கருவியே முடிவு செய்யட்டும் என்று விட்டால் வளைவுகளை வெட்டி நேராக்கிவிடும். மரத்தடியில் ஐந்து முதல் பதினைந்து மீட்டர் பிசகு சாதாரணம், மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் கூடும். அடுத்தடுத்த இரண்டு மேடைகள் எட்டு மீட்டர் இடைவெளியில் இருந்தால் திரையில் ஒன்றாகத்தான் தெரியும். "ஜிபிஎஸ் சொன்னது" என்று தப்பான மேடையில் போய்ச் சேர்கிறவர்களுக்கு நடப்பது இதுதான். கிளை பிரியும் இடத்தில் நின்று, அரை நிமிடம் அசையாமல் இருந்து, ஒரு குறிப்புப் புள்ளி போட்டுவிட்டுப் போங்கள்.

*நடந்து பார்ப்பது*

சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து பார்க்கும் ஒரு மணி நேரத்தை யாரும் விரும்புவதில்லை. ஆனால் தடத்தின் ஆயுளும் உங்கள் கழுத்தெலும்பும் அதில்தான் இருக்கின்றன. அளக்க வேண்டியது இரண்டே. தடத்தின் ஏற்றம் எவ்வளவு, தடம் போகும் மலைச்சரிவின் ஏற்றம் எவ்வளவு. கைப்பேசியில் உள்ள சாய்வுமானியை ஒரு நேரான கழியின் மேல் வைத்து, கழியைத் தரையில் வைத்தால் போதும். கைப்பேசி பாகையில் காட்டும், தடக் கணக்கு சதவீதத்தில். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பத்து சதவீதம் என்றால் 5.7 பாகை மட்டுமே. கைப்பேசி பத்து பாகை காட்டினால் அது ஏறக்குறைய 18 சதவீதம்.

விதி எளியது: தடத்தின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மலைச்சரிவு 30 சதவீதம் என்றால் தடம் 15க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காமல் தடத்தையே ஆறாக்கிக்கொள்ளும். மொத்தச் சராசரி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நமது சிவந்த களிமண்ணில் தாங்கும். பள்ளத்தாக்கின் அடியில் சரிவு வெறும் 8 சதவீதம் என்று பார்த்து "சமதரைதானே" என்று மகிழாதீர்கள். அங்கே தடம் 4 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீர் தடத்தைப் பிடித்துக்கொள்ளும். கியாராவில் வருடம் முழுக்கச் சேறாகக் கிடக்கும் துண்டுகளைக் கவனித்தால், அவை மலையில் இருக்காது, அடிவாரத்தில்தான் இருக்கும்.

மேடைத் தடம் அருமை, ஆனால் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டே இருந்தால் எங்கேயும் சேராது. அடுத்த மேடைக்கு இறங்கும் இணைப்புதான் புதுப் பாதையின் உயிர்நாடி. பழைய தோட்டத்தில் இது மூன்று இடங்களில் கிடைக்கும்: மேடை வாய்க்காலைச் சந்திக்கும் முனை, லாரிச் சாலை மேடையை வெட்டிய இடம், பெரிய மரம் வேரோடு சாய்ந்து மேடையை உடைத்த இடம். இரண்டாவதுதான் நம்பகமானது. மூன்றாவது கவர்ச்சியாக இருக்கும், வேர் பிடுங்கிய மண் இன்னும் சில வருடம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

நடக்கும்போது தரையை மட்டும் பார்க்கக்கூடாது. கித்தா மரம் முறியும் மரம். வயதான மரத்தின் கிளை காற்றில்லாத நாளிலும் விழும், வெள்ளை வேர் நோய் பிடித்த மரம் இலை பச்சையாக இருக்கும்போதே அடியோடு சாயும். தூரடியில் வெளிறிய ஆரஞ்சு நிறக் காளான் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தால் அந்த மரத்தடியில் நின்று தண்ணீர் குடிக்காதீர்கள். பழைய எல்லையை ஒட்டிப் போகும் வழியில் வேலி முள்கம்பி இருக்கிறதா என்று கழுத்து உயரத்தில் தேடுங்கள். மரம் அதை விழுங்கி வளர்ந்திருக்கும், இரண்டு மரத்துக்கு நடுவே உள்ள துண்டு துருவேறி நிழலோடு நிழலாகக் கிடக்கும்.

எல்லாவற்றையும்விட மோசமானது மனிதன் செய்கிற வேலை. யாராவது ஆர்வக்கோளாறில் பாராங்கால் இளங்கன்றுகளைச் சாய்வாக வெட்டிப் பாதை போட்டிருப்பார்கள். கட்டைவிரல் மொத்தத்தில், ஒரு சாண் உயரத்தில், ஈட்டி முனை மாதிரி சீவிய குச்சி. டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், விழுகிறவரின் தொடையில் ஏறினால் கதை வேறு. இப்படிப்பட்ட குச்சிகள் வரிசையாகத் தெரிந்தால் அந்தப் பாதையைப் போட்டவருக்குத் தடம் போடத் தெரியாது என்று முடிவு கட்டலாம். தெரிந்தவர் கைரம்பத்தால் தரைமட்டமாக அறுப்பார், அல்லது வேரோடு பிடுங்குவார்.

*முதல் ஓட்டம்*

ஏறிப் பார்க்காத சரிவில் இறங்காதீர்கள். இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி விபத்து குறையும். முதல் தடவை நடை வேகம்.

டயர் காற்று: 70 முதல் 75 கிலோ எடை, 29 அங்குலச் சக்கரம், 2.4 அகல டியூப்லெஸ் டயர் என்று வைத்துக்கொண்டால் முன்னே 20 முதல் 22 பிஎஸ்ஐ, பின்னே 23 முதல் 25. வேர் ஈரமாக இருந்தால் இரண்டிலும் ஒன்றோ இரண்டோ குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் கித்தா வேரின் முனையில் பின் ரிம் அடிக்கும். டியூப் போட்டவர்கள் 27க்குக் கீழே இறக்கவே வேண்டாம், பாம்புக்கடி மாதிரி இரட்டை ஓட்டை விழும். ஒரு டயருக்கு 80 முதல் 100 மில்லி சீலண்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்து தோலாகிவிடும். சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சலசலப்புக் கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம்.

பழகிய தடத்தில் நடக்காத ஒன்று தெரியாத தடத்தில் அடிக்கடி நடக்கும்: குச்சி. ஆள் போகாத பாதையில் கிடக்கும் கைநீளக் குச்சியை முன்சக்கரம் எழுப்பிவிடும், பின்சக்கரக் கம்பிக்குள் அது புகுந்து டீரெய்லரை (பின்பக்கம் செயினைக் கியர் மாற்றும் கருவியை) இழுத்து முறிக்கும். முறிவது பெரும்பாலும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர். அது முறிவதற்கென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. உங்கள் ஃபிரேமுக்கு உரிய ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். 2019க்குப் பிறகு வந்த பல ஃபிரேம்களில் பொது ஹேங்கரான யூடிஎச் இருக்கும், அது சுலபமாகக் கிடைக்கும். பழைய ஃபிரேம் என்றால் முன்கூட்டியே வாங்கி வைப்பதுதான் வழி. அதோடு செயின் கருவி, உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி இரண்டு, டயர் ஓட்டை அடைக்கும் நாடா, கைப்பம்ப். குச்சி மாட்டிய சத்தம் கேட்டதும் மிதிப்பதை நிறுத்துங்கள். ஒரே ஒரு மிதி அதிகமாகப் போட்டதால்தான் முக்கால்வாசி டீரெய்லர்கள் போகின்றன.

கித்தா வேர் மேற்பரப்பிலேயே ஓடும் வேர். சரிவில் சாய்கோணமாகக் குறுக்கிடும் ஈர வேரில் பிரேக் பிடித்தால் சக்கரம் வேரின் திசையிலேயே வழுக்கிப் போகும். பிடிமானம் ஒரு அளவுதான் இருக்கிறது, அதைப் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. வேருக்கு முன்னால் பிரேக்கை முடித்துவிட்டு, முடிந்தவரை செங்கோணமாக, முன்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்து உருண்டு போய்விட வேண்டும்.

பருவத்துக்கு ஏற்ப ஆபத்து மாறும். ஆண்டின் முதல் சில மாதங்களில் கித்தா இலை உதிர்க்கும். மேலே வெளிச்சம் இறங்கும், மேடைகளின் வரிசை தூரத்திலிருந்தே தெரியும், தேடுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. அதே இலைதான் குழியையும் வேரையும் மூடும், ஆகவே தேடுவதற்கு நல்லது, ஓட்டுவதற்கு அல்ல. ஜூலை தொடங்கி செப்டம்பர்வரை காய் வெடித்துக் கொட்டை விழும். இறுகிய களிமண் வளைவில் வழவழப்பான கித்தாக் கொட்டை கிடந்தால் கோலிக்குண்டின் மேல் ஓட்டுவதுதான். வளைவுக்குள் பிரேக் கூடாது, நுழைவதற்கு முன்பே வேகத்தை இறக்கிவிடுங்கள்.

முழங்கால் காப்பும் நீளக் காலுறையும் கியாராவுக்கு ஆடம்பரமில்லை. காட்டோரத்து ரேசாம் பெரணியின் காய்ந்த தண்டு கம்பி மாதிரி கிழிக்கும். அட்டை மழைக்கு மறுநாள் வரும், முசுறு எப்போதும் வரும். குரங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பையின் ஜிப்பைத் திறக்க அவை நம்மைவிட வேகம்.

மழையைப் பொறுத்தவரை கோலாலம்பூரில் ஏப்ரலும், அக்டோபர் நவம்பரும் அதிக மழை. மற்ற மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விடிந்ததும் தொடங்கி பத்தரைக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. மாலையில் போனால் ஆறரைக்கே மரத்தடி இருட்டிவிடும், ஹெல்மெட் விளக்கு கட்டாயம். நல்ல மழைக்குப் பிறகு ஒரு நாளாவது விட வேண்டும். டயர் பதிவு விரல் நகம் புதையும் ஆழத்துக்கு விழுந்தாலோ, களிமண் டயரில் ஒட்டி ஃபோர்க்கில் உரசினாலோ திரும்பிவிடுங்கள். நன்கு மிதிபட்ட பழைய தடம் ஈரத்தைத் தாங்கும், புதுத் தடம் தாங்காது. ஈரமான வாரத்தில் பத்துப் பேர் ஓட்டினால் ஒரு வருடத்து வேலை போச்சு.

*யாருடைய நிலம்*

காடு என்று பொதுவாகச் சொன்னாலும் சட்டத்தில் எல்லாம் ஒன்றல்ல. கோத்தா டாமன்சாரா சமூகக் காடு 2010இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட வனக் காப்பகம். அத்தகைய இடங்களுக்கு 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம் பொருந்தும், சிலாங்கூர் வனத்துறையின் அனுமதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கெப்போங் ஃபிரிம் (மலேசிய வன ஆய்வுக் கழகம்) வளாகத்தில் நுழைவுச் சீட்டு, குறிப்பிட்ட தடங்கள் என்று தனி ஒழுங்கு உண்டு. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்துவிட்ட நிலையில் அங்கே "புதுத் தடம் தேடுகிறேன்" என்று கிளம்புவது சரியில்லை. கியாரா பூங்கா நிலம், ஆனால் அதைச் சுற்றிலும் கோல்ஃப் மைதானம், குதிரைப் பயிற்சி மையம், குடியிருப்புகள், வேலிகள். அடிவாரத்துத் தாமான் ரிம்பா கியாரா நிலம் பற்றிய வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போய் 2023 ஏப்ரலில்தான் முடிந்தது. ஒவ்வோர் அடி நிலத்துக்கும் யாரோ கவலைப்படுகிற இடம் இது. வேலியில் ஓட்டை இருப்பது அனுமதி ஆகாது.

தடத்தின் வாயில் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு மேலே சருகைத் தூவியிருந்தால், அது இரண்டில் ஒன்று: மண் ஆறட்டும் என்று மூடியது, அல்லது வேலை முடியாமல் மறைத்து வைத்தது. இரண்டுக்கும் ஒரே பதில், போகாதீர்கள். கட்டையின் மேல்பக்கம் டயர் உரசிய தேய்மானம் இருந்தால் மட்டுமே அது தாண்டிப் போகப் போட்டது. சந்தேகம் இருந்தால் ஞாயிறு காலையில் மண்வெட்டியோடு நிற்கிற தன்னார்வலர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத கோடு அங்கே இல்லை. கேட்டதற்குக் கூலியாக அரை மணி நேரம் மண் சுமக்கச் சொல்லலாம்.

கண்டுபிடித்த தடத்தை உடனே பொதுவில் ஏற்றுவதுதான் கடைசித் தவறு. ஸ்ட்ராவாவில் பதிவை 'நான் மட்டும்' என்று வைத்துக்கொள்ளுங்கள், தடங்களைத் தொகுக்கும் டிரெயில்ஃபோர்க்ஸ் தளத்தில் சேர்ப்பதைப் பராமரிப்பவர்களிடம் விடுங்கள். ஜிபிஎக்ஸ் கோப்பை நண்பருக்கு அனுப்பினால் அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டதாகவே கணக்கு. பதிவேற்றும் முன் ஒரு பெருமழைக்கு இரண்டு நாள் கழித்து மறுபடி நடந்து போய்ப் பாருங்கள். சருகு எந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போயிருக்கிறது என்று கவனியுங்கள். தடத்தைக் குறுக்கே கடந்து கீழ்ச்சரிவில் விழுந்து கிடந்தால் சரி, தடத்தின் நெடுகக் கோடு கோடாக ஒதுங்கியிருந்தால் அந்த வழியை யாருக்கும் சொல்லாமல் விட்டுவிடலாம்.